3 வாட் எல்.ஈ.டி மூன்று, 12 வோல்ட் அடாப்டர்: ரெசிஸ்டர் ஏன் இப்படிக் கொதிக்கிறது?

மீன்தொட்டிக்காரன் (வெள்ளவத்தை)

வணக்கம். 2 அடி மீன் தொட்டியின் பிளைவூட் மூடிக்குள் பொருத்த ஒரு லைட். சாமான்கள் இவ்வளவுதான்: 20 மி.மீ. ஸ்டார் (நட்சத்திர வடிவ) தட்டில் ஒட்டி வரும் 3 வாட் வெள்ளை எல்.ஈ.டி 3, 12 வோல்ட் 3 அம்பியர் அடாப்டர், 3.9 ஓம் 5 வாட் வெள்ளைச் சீமெந்து ரெசிஸ்டர் 1.

மூன்று எல்.ஈ.டியையும் சமாந்தரமாக இணைத்து, முன்னால் அந்த ஒரே ரெசிஸ்டர். கணக்கு: 12இல் 3.3 போனால் 8.7 வோல்ட். எல்.ஈ.டி ஒன்றுக்கு 700 மில்லி அம்பியர், மூன்றுக்கும் 2.1 அம்பியர். 8.7ஐ 2.1ஆல் பிரித்தால் 4.14 ஓம். கடையில் கிடைத்தது 3.9. எல்.ஈ.டி 3 வாட் என்பதால் ரெசிஸ்டர் 5 வாட் தாராளம் என்று எடுத்தது.

போட்டு 2 நிமிடத்தில் ரெசிஸ்டரில் கருகல் மணம். மூன்றில் ஒன்று மற்றதை விட வெளிச்சமாக எரிந்து, நீலம் கலந்து, பிறகு செத்துவிட்டது. ஸ்டார்களை 1.5 மி.மீ. அலுமினியத் துண்டில் நுரை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருக்கிறேன். துண்டு 10 செ.மீ.க்கு 4 செ.மீ.

ரெசிஸ்டர் எத்தனை வாட் போட வேண்டும்? சூட்டை வாங்கிக் காற்றில் விடுகிற ஹீட்சிங்க் எவ்வளவு பெரிசு வேண்டும்? மூடிக்குள் ஃபேன் வைக்க இடமில்லை.

---

குறுக்குத்தெரு

உங்கட ஓம் கணக்கு சரிதான், வாட்தான் பிழை. 3.9 ஓம் 20 வாட் சீமெந்து ஒன்று வாங்கிப் போடுங்கோ, வேலை முடிஞ்சுது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில ரெசிஸ்டர் விக்கிற கடைகளில கேளுங்கோ.

---

ஈயப்புகை

20 வாட் ரெசிஸ்டர் போட்டால் ரெசிஸ்டர் தப்பும், மீன் அவியும்.

இப்போது அந்தச் சுற்றில் ஓடுவது 8.7 ÷ 3.9, கிட்டத்தட்ட 2.2 அம்பியர். ரெசிஸ்டரில் வீணாகும் சக்தி 2.2 × 2.2 × 3.9, அதாவது 19 வாட். எல்.ஈ.டி மூன்றும் சேர்ந்து எடுப்பது 7 வாட் சொச்சம். அடாப்டர் தருகிற 26 வாட்டில் முக்கால்வாசி ரெசிஸ்டரைச் சூடாக்கத்தான் போகிறது. 5 வாட் ரெசிஸ்டரில் 19 வாட் ஏற்றினால் 2 நிமிடம் தாங்கியதே பெரிய காரியம். 20 வாட் ரெசிஸ்டரும் அதே 19 வாட்டை அதே மூடிக்குள்தான் கொட்டும். சக்தி எங்கேயும் ஓடிப்போகாது, பெரிய உடம்பில் பரவி வரும், அவ்வளவுதான். சீமெந்து ரெசிஸ்டர் தன் முழு வாட்டில் ஓடினால் மேற்பரப்பு 200 பாகையைத் தாண்டும். பிளைவூட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற சாமான் இல்லை அது.

முதலில் மாற்ற வேண்டியது இணைப்பு. மூன்றையும் தொடராக இணையுங்கள்.

350 மில்லி அம்பியரில் வெள்ளை எல்.ஈ.டி ஒன்றில் விழுவது சுமார் 3.2 வோல்ட். மூன்றுக்கு 9.6. மிச்சம் 2.4 வோல்ட். 2.4 ÷ 0.35 = 6.86. கிடைக்கிற மதிப்பு 6.8 ஓம். ரெசிஸ்டரில் சக்தி 2.4 × 2.4 ÷ 6.8 = 0.85 வாட். இதற்கு 2 வாட் போதும், 3 வாட் இருந்தால் இன்னும் நிம்மதி. 19 வாட் எங்கே, 0.85 வாட் எங்கே என்று பாருங்கள். ரெசிஸ்டரின் வாட்டை எல்.ஈ.டியின் வாட்டைப் பார்த்துத் தெரிவு செய்யக் கூடாது. மிச்ச வோல்ட்டையும் ஓடுகிற மின்னோட்டத்தையும் பெருக்கி, வந்ததைப் போல் இரண்டு மடங்காவது வாங்க வேண்டும்.

6.8 ஓம் நிறக் கோடு போட்ட ரெசிஸ்டர் என்றால் நீலம், சாம்பல், பொன், பொன். மூன்றாவது பொன் பத்தில் ஒன்று என்று அர்த்தம். அதைக் கறுப்பு என்று நினைத்து 68 ஓமை எடுத்து வந்தால் லைட் மங்கலாக மினுங்கும், அவ்வளவுதான். சீமெந்து ரெசிஸ்டரில் மேலேயே வாட்டும் ஓமும் அச்சடித்திருக்கும். புள்ளிக்குப் பதில் ஆங்கில ஆர் எழுத்து நிற்கும்: 6க்கும் 8க்கும் நடுவில் ஆர் இருந்தால் 6.8.

ஒன்று மட்டும் ஏன் நீலமாகிச் செத்தது என்றால், சமாந்தரத்தில் எல்லாவற்றுக்கும் வோல்ட் ஒன்றுதான். ஒரே பையில் வந்த எல்.ஈ.டிகளுக்குள்ளும் 0.1 வோல்ட் வித்தியாசம் சாதாரணம். வோல்ட் குறைவாகக் கேட்கிற எல்.ஈ.டி அதிக மின்னோட்டத்தை இழுக்கும். இழுத்தால் சூடாகும். சூடானால் அதன் வோல்ட் இன்னும் இறங்கும், பாகை ஒன்றுக்கு 2 முதல் 4 மில்லி வோல்ட் வரை. இறங்கினால் இன்னும் இழுக்கும். அது செத்து இணைப்பு அறுந்தால் மிச்ச இரண்டும் 2.2 அம்பியரைப் பங்கு போடும், ஆளுக்கு 1.1. நீங்கள் அந்த நேரத்தில் நிறுத்தியிருக்காவிட்டால் மூன்றும் போயிருக்கும். தப்பிய இரண்டையும் புதிய ஒன்றோடு சேர்க்கலாம். தொடரில் மூன்றுக்கும் ஒரே மின்னோட்டம்தான், வோல்ட் வித்தியாசம் பிரச்சினை இல்லை.

அந்த இரண்டும் உண்மையில் நல்லதா என்று பார்க்க ஒரு சோதனை. 27 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றோடு ஒரே ஒரு எல்.ஈ.டியை 12 வோல்ட்டில் இணையுங்கள், ஸ்டாரை ஹீட்சிங்கில் அழுத்திப் பிடித்தபடி. 325 மில்லி அம்பியர் அளவில் ஓடும், ரெசிஸ்டர் 3 வாட்டுக்குள் நிற்கும். எல்.ஈ.டியின் இரண்டு முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 3.0க்கும் 3.5க்கும் இடையில் அசையாமல் நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். 2.7க்குக் கீழே என்றால், அல்லது எண் ஆடினால், குப்பைக்கு.

இன்னொரு விஷயம். பெயரில்லாமல் மலிவாக வருகிற 3 வாட் எல்.ஈ.டிகளில் பலதின் உள்ளே இருப்பது 1 வாட் சில்லுதான். தரவுத்தாள் கையில் இல்லாவிட்டால் 350 மில்லி அம்பியரில் ஓட்டுங்கள். 700க்கு ஏற்றினால் வெளிச்சம் இரண்டு மடங்காகாது; ஏறத்தாழ 1.7 மடங்கு. சூடு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

---

பழைய அயன் (தெஹிவளை)

ரெசிஸ்டர் விசயம் மேலே சொன்னபடிதான். நான் சூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கட எல்.ஈ.டியைக் கொன்றதில் அந்த நுரை டேப்புக்கும் பங்கு இருக்கிறது.

எல்.ஈ.டிக்கு மின்குமிழ் மாதிரி முன்பக்கமாகச் சூட்டை வீசத் தெரியாது. சூடு முழுக்கப் பின்பக்கத்தால்தான் வெளியேற வேண்டும்: சில்லு, ஸ்டார் தட்டு, நடுவில் பூசுகிற ஹீட்சிங்க் பேஸ்ட், அலுமினியம், காற்று. இந்தச் சங்கிலியில் ஓரிடம் அடைத்தாலும் பின்னால் எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் இருந்தும் பிரயோசனம் இல்லை. நுரை டேப் சூடு கடத்தாத பொருள். நீங்கள் ஸ்டாருக்கு ஒரு கம்பளி போர்த்தி விட்டிருக்கிறீர்கள். சுப்பர் குளூவும் வேண்டாம். 80 பாகைக்குக் கிட்ட அது இளகும், அதோடு காய்கிற போது வருகிற ஆவி மூடிய பெட்டிக்குள் எல்.ஈ.டியின் சிலிக்கன் குவிவில் படிந்து பழுப்பாக்கும்.

கணக்கு. எல்.ஈ.டிக்குள் போகிற சக்தியில் முக்கால் பங்கு சூடு என்று எடுங்கள். 350 மில்லி அம்பியரில் மூன்றும் சேர்ந்து 3.4 வாட், அதில் சூடு 2.5 வாட். கொழும்பில் வீட்டுக்குள் பகலில் 30, 32 பாகை எப்போதும் இருக்கும். மூடிய தொட்டி மூடிக்குள் 40 என்று வையுங்கள். அலுமினியம் 60ஐத் தாண்டக் கூடாது என்று முடிவெடுத்தால் கையில் 20 பாகைதான் மிச்சம். ஃபேன் இல்லாமல், காற்றுப்படும் தட்டை அலுமினியத்துக்கு ஒரு வாட் சூட்டுக்கு 50 சதுர செ.மீ. மேற்பரப்பு வேண்டும், இந்த 20 பாகை ஏற்றத்துக்கு. 2.5 வாட்டுக்கு 125 சதுர செ.மீ.

உங்கட துண்டு 10க்கு 4. ஒரு பக்கம் பிளைவூட்டோடு ஒட்டியிருந்தால் காற்றுப்படுவது 40 சதுர செ.மீ. மட்டும். மூன்றில் ஒரு பங்கு. அதே துண்டை 12க்கு 10ஆக்கி, நான்கு மூலையிலும் 10 மி.மீ. தூண் கொடுத்துப் பிளைவூட்டிலிருந்து தள்ளி நிறுத்தினால் இரண்டு பக்கமும் காற்றுப்படும், 240 சதுர செ.மீ. வந்துவிடும். மூடியின் பின் ஓரத்தில் 8 மி.மீ. துளை பத்துப் பன்னிரண்டு போட்டால் உள்ளே இருக்கிற 40 பாகையும் இறங்கும்.

2 மி.மீ. தடிப்பு நல்லது. அலுமினிய யன்னல், கதவு அடிக்கிற இடங்களில் வெட்டி எறிகிற அலுமினியச் சட்டத் துண்டுகள் கிடக்கும், கேட்டால் தருவார்கள். பழைய கணினி ப்ரொசெசரின் செதில் போட்ட ஹீட்சிங்க் அதைவிட நல்லது, ஆனால் செதில் நிமிர்ந்து நிற்க வேண்டும். மூடிக்குள் தட்டையாகக் கவிழ்த்து வைத்தால் செதில்களுக்கு நடுவில் காற்று தூங்கிவிடும்.

பொருத்துகிற ஒழுங்கு முக்கியம். முதலில் ஸ்டாரின் இரண்டு முனைக்கும் வயரை ஈயம் வைத்து முடியுங்கள், பிறகுதான் ஹீட்சிங்கில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு ஈயம் வைக்கப் போனால் அயனின் சூட்டை அலுமினியம் குடித்துவிடும், ஈயம் உருண்டையாகி ஒட்டாது, நீங்கள் 20 செக்கன் அழுத்திப் பிடிப்பீர்கள், சில்லு போய்விடும். ஸ்டாரை ஒரு மரத் துண்டில் வைத்து, 60 வாட் அயன் அல்லது 360 பாகை, முனைக்கு முதலில் கொஞ்சம் ஈயம், வயருக்கும் ஈயம், பிறகு இரண்டையும் சேர்த்து 2, 3 செக்கன். போதும்.

பேஸ்ட் அரிசி மணியளவு. நடுவில் ஒரு பொட்டு வைத்து, ஸ்டாரை அழுத்திச் சற்றுத் திருப்பினால் தானே பரவும். பேஸ்ட் சூடு கடத்துகிற சாமான் என்று நினைத்து வெண்ணெய் மாதிரிப் பூசுகிறவர்கள் அதிகம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பேஸ்ட் மிக மட்டமான கடத்தி. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்காமல் நிரப்பத்தான் அது.

ஸ்டாரின் ஓரத்து வெட்டுகளில் எதிரெதிராக இரண்டு 3 மி.மீ. ஸ்குரூ ஆணி. தலைக்குக் கீழே பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் ஆணித் தலை ஈயப் புள்ளியைத் தொட்டு ஷோர்ட் ஆகும். முடித்த பிறகு மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒவ்வொரு முனைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே பாருங்கள். சத்தம் வரக் கூடாது. சில எல்.ஈ.டிகளின் அடிப்பாகம் ஒரு முனையோடு உள்ளுக்குள்ளேயே தொடுப்பாக இருக்கும். தொடரில் அப்படியான மூன்றும் ஒரே அலுமினியத்தில் நின்றால் மூன்றில் இரண்டு ஷோர்ட் ஆகிவிடும்.

ரெசிஸ்டரை அதே அலுமினியத்தில் ஒட்டாதீர்கள். எல்.ஈ.டிக்கு ஒதுக்கின இடத்தை ரெசிஸ்டர் தின்னும். அதை மூடிக்கு வெளியே, அடாப்டர் வயரின் பக்கம், சின்னப் பெட்டியில் 10 மி.மீ. உயர்த்தி வைத்தால் போதும்.

---

மீன்தொட்டிக்காரன்

மிக்க நன்றி அண்ணாமார். தொடரில் 6.8 ஓம், 12க்கு 10 தட்டு, அப்படியே செய்கிறேன். இரண்டு சந்தேகம்.

ஒன்று, பிறகு 700க்கு ஏற்ற வேண்டி வந்தால் ரெசிஸ்டரை மட்டும் குறைத்தால் சரியா? மற்றது, கரண்ட் போகிற நேரத்துக்கு 12 வோல்ட் 7 அம்பியர் மணி யூ.பி.எஸ். பற்றரி ஒன்று கிடக்கிறது. அடாப்டருக்குப் பதில் அதைச் சார்ஜரோடு நிரந்தரமாக மாட்டி விடலாமா?

---

ஈயப்புகை

பற்றரிதான் ஆபத்தான கேள்வி, அதை முதலில் எடுக்கிறேன். 12 வோல்ட் பற்றரி 12 வோல்ட்டில் நிற்பது குறைவு. வற்றும் போது 11, சார்ஜரில் பொங்கும் போது 14.4. உங்கள் 6.8 ஓமோடு 11 வோல்ட்டில் 250 மில்லி அம்பியர் ஓடும். 14.4இல் எல்.ஈ.டிகளின் வோல்ட்டும் கொஞ்சம் ஏறி 10.2 ஆனாலும் மிச்சம் 4.2, மின்னோட்டம் 600க்கு மேல். ரெசிஸ்டரில் 2.6 வாட். அடாப்டருக்கு அளவெடுத்த 2 வாட் ரெசிஸ்டர் பற்றரி சார்ஜ் ஆகிற நேரத்தில்தான் கருகும், லைட் எரிகிற போது எல்லாம் நன்றாக இருக்கிறதே என்று நீங்கள் குழம்புவீர்கள். ரெசிஸ்டரோடுதான் என்றால் 14.4க்குக் கணக்குப் போடுங்கள்: 4.8 ÷ 0.35 = 13.7, 15 ஓம் 5 வாட். அப்போது பற்றரி வற்றும் போது வெளிச்சம் மூன்றில் ஒன்றாகும். பற்றரிக்கு, மின்னோட்டத்தைத் தானே ஒரே அளவில் பிடித்து வைக்கிற ட்ரைவர் சுற்றுத்தான் சரி.

அடாப்டரும் அப்படித்தான். உள்ளே டிரான்ஸ்ஃபோமர் வைத்த பழைய கனமான அடாப்டர் என்றால், சுமை இல்லாமல் 16, 17 வோல்ட் காட்டும். மாட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

700க்கு ரெசிஸ்டரை மட்டும் குறைத்தால்: மூன்றும் 10.2 வோல்ட் எடுக்கும், மிச்சம் 1.8. 1.8 ÷ 0.7 = 2.57, 2.7 ஓம். கடதாசியில் அழகாக வரும். ஆனால் சூடேறி மூன்றிலும் சேர்த்து 0.3 வோல்ட் இறங்கினால் 0.3 ÷ 2.7, 110 மில்லி அம்பியர் கூடும். அது இன்னும் சூடாக்கும். 6.8 ஓமில் அதே 0.3 வோல்ட்டுக்கு 44 மில்லி அம்பியர்தான் கூடும். ரெசிஸ்டரில் விழுகிற வோல்ட் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் அது மின்னோட்டத்தைப் பிடித்து வைக்கும். குறைந்தால் கயிறு இல்லாத மாடு.

---

குறுக்குத்தெரு

நான் சொன்ன 20 வாட்டை விடுங்கோ, மீனை மறந்துபோனன்.

700 எண்டால் எல்.எம். 317 ஐசியை மின்னோட்டம் பிடிக்கிற மாதிரிக் கட்டலாம். லேசு. வெளிவாய் (அவுட்புட்) முனைக்கும் அட்ஜஸ்ட் முனைக்கும் நடுவில ஒரு ரெசிஸ்டர், எல்.ஈ.டி அட்ஜஸ்ட் முனையிலிருந்து. ஓம் கணக்கு 1.25ஐ அம்பியரால பிரிக்கிறது. 700க்கு 1.8 ஓம், 350க்கு 3.6 ஓம். 1.8 ஓமுக்கு 2 வாட் போடுங்கோ.

ஆனா ஒண்டு, இந்த ஐசிக்கு ரெசிஸ்டரோட சேத்து 3 வோல்ட்டுக்கு மேல தான் தின்னக் குடுக்கோணும். 12 வோல்ட்டில 3 எல்.ஈ.டி தொடரா நிக்காது, 2 தான் நிக்கும். 19 வோல்ட் லப்டொப் சார்ஜர் இருந்தா 4 எல்.ஈ.டி வடிவா ஓடும். அப்ப ஐசியில மட்டும் 3, 4 வாட் சூடு, அதுக்கும் ஹீட்சிங்க் வேணும். ஐசியின்ர முதுகுத் தகடு வெளிவாயோட தொடுப்பு. எல்.ஈ.டி இருக்கிற அலுமினியத்தில நேரா முடுக்கிப் போடாதேங்கோ, மைக்கா தாளும் பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டு முடுக்கோணும்.

---

ஈயப்புகை

317 படிக்க நல்லது, தொட்டிக்குப் பி.டி. 4115 பக் (வோல்ட்டை இறக்கித் தருகிற) ட்ரைவர் போர்ட்தான் என் தெரிவு. நகம் அளவு போர்ட், உள்ளே வருவது 6 முதல் 30 வோல்ட், 1.2 அம்பியர் வரை தரும். மின்னோட்டத்தை அதிலிருக்கும் சின்ன ரெசிஸ்டர் ஒன்று தீர்மானிக்கும்: 0.1ஐ அதன் ஓமால் பிரியுங்கள். 0.33 ஓம் என்றால் 300 மில்லி அம்பியர், 0.15 என்றால் 667. போர்ட்டை வாங்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள், கடைக்காரர் சொல்கிற வாட்டை அல்ல. பக் என்பதால் உள்ளே வருகிற வோல்ட் எல்.ஈ.டிகளின் மொத்தத்தை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். 700இல் மூன்றுக்கு 10.2 வேண்டும், 12 வோல்ட் அடாப்டர் மட்டுமட்டாகப் போதும், 15 முதல் 19 வோல்ட் இருந்தால் சௌகரியம். பற்றரி 11க்கு இறங்கினால் 3 எல்.ஈ.டி மங்கும். பற்றரியில் ஓட்டுவதென்றால் 2 எல்.ஈ.டி தொடர்.

எந்த ட்ரைவர் ஆனாலும் எல்.ஈ.டியை மாட்டிவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். மின்சாரம் இருக்கும் போது எல்.ஈ.டி வயரைக் கழற்றித் திரும்பத் தொட்டால், வெளிவாயில் ஏறி நிற்கிற வோல்ட் ஒரே அடியாக எல்.ஈ.டிக்குள் இறங்கும்.

ட்ரைவர் போட்டால் 700இல் சூடு 5.4 வாட். மேலே சொன்ன 50 சதுர செ.மீ. கணக்கில் 270 வரும். இப்போதைய 240 தட்டு பற்றாது.

---

வெசாக் கூடு (கொட்டாஞ்சேனை)

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். 3 வாட் சிவப்பு பச்சை நீலம் மூன்றும் ஒரே ஸ்டாரில் இருக்கிற எல்.ஈ.டியை 5 வோல்ட் 2 அம்பியர் போன் சார்ஜரில் வெசாக் விளக்குக் கூட்டுக்குள் வைக்க வேண்டும். மூன்று நிறத்துக்கும் ஒரே ரெசிஸ்டர் போட்டால் சிவப்புத்தான் அடித்து எரிகிறது.

---

ஈயப்புகை

சிவப்பு கேட்பது 2.2 வோல்ட்தான், பச்சையும் நீலமும் 3.2. ஒரே ரெசிஸ்டரைப் பகிர்ந்தால் சிவப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். நிறத்துக்கு ஒன்று: சிவப்புக்கு 8.2 ஓம் 2 வாட், பச்சைக்கும் நீலத்துக்கும் 5.6 ஓம் 2 வாட் ஒவ்வொன்று. மூன்றும் எரிந்தால் 1 அம்பியர், சார்ஜர் தாங்கும். அர்டுயினோ போர்டால் மின்ன வைப்பதென்றால் சுவிட்ச் வேலைக்கு வைக்கிற மொஸ்ஃபெட் ஐ.ஆர்.எல். என்று தொடங்குகிற ரகம் வாங்குங்கள். ஐ.ஆர்.எஃப். ரகம் 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்காது, தானே சூடாகும்.

கூட்டின் திசுக் கடதாசிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. ரெசிஸ்டர்கள் கூட்டுக்கு வெளியே.

---

பழைய அயன் (தெஹிவளை)

மீன் தொட்டிக்குத் திரும்புவோம், தண்ணீர்ப் பக்கம் ஒருத்தரும் சொல்லவில்லை. மூடியின் உட்புறம் எந்த நேரமும் வியர்த்துத்தான் இருக்கும், வெள்ளவத்தையில் கடற்காற்றின் உப்பும் சேரும். ஈயப் புள்ளிகள் சில மாதத்தில் பச்சை பூக்கும். எல்லாம் சோதித்து முடித்த பிறகு புள்ளிகளின் மேல் மட்டும் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தரம், லென்ஸில் படாமல். சிலிக்கன் பூசுவதென்றால் வினாகிரி மணக்கிற ரகம் வேண்டவே வேண்டாம், அந்த அமிலம் செப்பை அரிக்கும். மணமில்லாத நியூட்ரல் ரகம் கேட்டு வாங்குங்கள்.

அடாப்டர் தொட்டி மட்டத்துக்குக் கீழே இருக்குமென்றால் வயர் ஒருதரம் தொங்கி வளைந்து மேலேறிப் பிளக்குக்குப் போக வேண்டும். வயர் வழியே வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். 230 வோல்ட் பக்கம் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

முடிந்தால் 60 பாகையில் திறக்கிற கே.எஸ்.டி. 9700 சூட்டுச் சுவிட்ச் ஒன்றை அலுமினியத்தில் ஒட்டித் தொடரில் விடுங்கள். வழமையாக இணைப்பு மூடி இருக்கிற ரகம் என்று கேட்க வேண்டும், இணைப்பு திறந்து இருக்கிற ரகமும் அதே உருவத்தில்தான் வரும். 1 அம்பியர் ஃபியூஸ் ஒன்றும்.

சோதனைக்கு அம்பியர் மீட்டர் தேவையில்லை. 6.8 ஓமின் இரண்டு பக்கமும் வோல்ட் அளந்து 6.8ஆல் பிரியுங்கள். போட்டவுடன் ஒன்று, 30 நிமிடம் கழித்து, மூடி மூடியபடி, ஒன்று. சூட்டை மல்டிமீட்டரோடு வருகிற வயர் முனையால் ஸ்டாரின் ஓரத்தில் அளந்து பாருங்கள். துப்பாக்கி மாதிரி இருக்கிற இன்ஃப்ராரெட் மானியை வெறும் அலுமினியத்தில் பிடித்தால் 15, 20 பாகை குறைத்துப் பொய் சொல்லும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் பிடிக்க வேண்டும்.

---

மீன்தொட்டிக்காரன்

செய்தாயிற்று. அடாப்டர் 12.1 வோல்ட். 6.8 ஓம் 3 வாட் ரெசிஸ்டரில் போட்டவுடன் 2.31 வோல்ட், அதாவது 340 மில்லி அம்பியர். 30 நிமிடத்தில் 2.52, 370. மூடிக்குள் காற்று 37 பாகை, தட்டின் ஓரம் 48. இடது, வலது ஸ்டார் 51, 50. நடு ஸ்டார் மட்டும் 63. அது நடுவில் நிற்பதால்தானா?

---

பழைய அயன் (தெஹிவளை)

370 பரவாயில்லை, 10 வீதத்துக்குள்தான் ஏறியிருக்கிறது. தட்டு 48 என்பதும் கணக்கோடு ஒத்துப்போகிறது.

நடுவில் நிற்பதற்கு 2, 3 பாகை கூடலாம், 12 கூடாது. அந்த ஸ்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து, துளைகளைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். துளையிட்ட போது அலுமினியம் பிதுங்கி ஓரத்தில் மயிரிழை உயரத்துக்கு ஒரு விளிம்பு நிற்கும். ஸ்டார் அதன் மேல் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். பெரிய ட்ரில் பிட் ஒன்றைக் கையால் இரண்டு சுற்றுத் திருப்பினால் விளிம்பு போய்விடும். பிறகு தண்ணீர் தாள் 400ஆம் இலக்கம் தட்டையான கட்டையில் சுற்றித் தேயுங்கள். ஸ்குரூ இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும், ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு மற்றதைப் பிடித்தால் திரும்பவும் சாயும்.

---

மீன்தொட்டிக்காரன்

விளிம்பு இருந்தது, இரண்டு துளையிலும். தேய்த்துப் புதுப் பேஸ்ட் போட்டேன். நடு ஸ்டார் இப்போது 52.